மூன்று நிமிஷப் பாட்டுக்கு முப்பது நிமிஷக் கருத்து

வெள்ளிக்கிழமையானால் புதிதாக ஒரு ராப் பாட்டு வந்துவிடுகிறது. சினிமாப் பாட்டு என்றால் கவலையில்லை, படம் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாம். சிங்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அது ஒன்றுதான் சரக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு யூடியூபில் ஏறியதென்றால் ஏழு மணிக்குள் சிதம்பரம் கீழ வீதி டீக்கடையில் யாராவது ஒருவர், “கேட்டியா, எப்படி இருக்கு?” என்று கொக்கி போட்டுவிடுவார். அந்த நேரத்தில் கருத்து இல்லாமல் நிற்பது சட்டைப்பையில் காசில்லாமல் டீ குடித்ததைவிடக் கேவலம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கருத்துச் சொல்வோர் தொகை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் முறையான பயிற்சி யாருக்கும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த வழிகாட்டி.

எல்லாவற்றுக்கும் முதலில், பாட்டைக் கேட்பதற்கு முன்பே கருத்தை முடிவு செய்துவிடுங்கள். கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது யாராலும் ஆகும், அதில் என்ன சாமர்த்தியம்? தவிர, பாட்டு மூன்று நிமிஷம் ஓடும். அந்த மூன்று நிமிஷத்தில் மூன்று பேரை மடக்கிவிடலாம்.

கேட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள், எதில் கேட்பது என்பதிலாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கருத்து பாட்டிலிருந்து வருவதில்லை, ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. “பாட்டுல ஒண்ணுமே இல்லப்பா, சும்மா பேசிக்கிட்டே போறான்” என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறீர்களா? அப்படியானால் செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, அதன் அடியில் இருக்கிற விரல்நகம் அளவு ஸ்பீக்கரில் கேளுங்கள். ராப்பின் பாதி உயிர் பேஸில் இருக்கிறது. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 என்று ஒரு தாளப்பெட்டி கொண்டுவந்தது. அதிலிருந்து பெயர் எடுத்த 808 என்ற அடித்தொண்டை ஒலிதான் இன்றைக்கும் இந்தப் பாட்டுகளைத் தாங்குகிறது. அது நொடிக்கு நாற்பது ஐம்பது அதிர்வுகளில் ஓடும். போன் ஸ்பீக்கரோ இருநூறுக்குக் கீழே இறங்கினாலே திணறிவிடும். ஆக, பையன் பாடுவது கேட்கும், மேலே சிக் சிக்கென்று ஏதோ கேட்கும், நடுவில் வெறும் வெட்டவெளி. உங்கள் கருத்து தானாகவே நிஜமாகிவிடும்.

மாறாக, “பீட்டு சூப்பரு, என்ன பாடுறான்னுதான் புரியல” என்ற கட்சி உங்களுடையதா? கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற தனியார் பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடியுங்கள். சீட்டுக்கடியில் வைத்த பெட்டி முதுகுத்தண்டில் பேசும், காதுக்கு ஒரு வார்த்தை வந்து சேராது. முன் சீட்டில் போன் ஸ்பீக்கர் கட்சியும் பின் சீட்டில் பெட்டிக் கட்சியும் அமைந்துவிட்டால், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் சண்டை களைகட்டிவிடும். இரண்டு பேரும் ஒருதரம் ஹெட்போன் போட்டுக் கேட்டால் தீர்ந்துபோகிற சண்டைதான். ஆகவே ஹெட்போனைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.

வயதுக்கேற்ற கருத்து முக்கியம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ‘காதலன்’ படத்துப் ‘பேட்டை ராப்’போடு நின்றுகொள்ள வேண்டும். 1994. “ரகுமான் அப்பவே பண்ணிட்டாரு” என்று ஒரே வரி, அதற்குமேல் விளக்கக் கூடாது. அந்தப் பாட்டு வந்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார் என்பதையும் வெளியிடக் கூடாது. நாற்பதைத் தொடுகிறவர்கள் மலேசியாவுக்குப் போக வேண்டும்: யோகி பி, நட்சத்ரா, 2006இல் வந்த ‘வல்லவன்’ ஆல்பம். இதில் ஒரு வசதி, உண்மையும் உங்கள் பக்கம் இருக்கிறது. கோலாலம்பூர்ப் பையன்கள் தமிழில் ராப் பாடி ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சென்னையில் அது சினிமாவுக்குள் நுழைகிற இடைச்செருகலாகத்தான் இருந்தது. முப்பதுக்காரர்களுக்கு ஹிப்ஹாப் தமிழா. 2012இல் வந்த ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பத்தைத் தாராளமாகப் புகழலாம். ‘கிளப்புல மப்புல’வை மட்டும் அடக்கி வாசியுங்கள். அந்தப் பாட்டு பெண்பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதியை இப்போது வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் சாப்பாடு கிடைக்காது.

இருபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அவர்களோடு பேச நேர்கிற பெரியவர்களுக்குத்தான் தேவை. அசல் கோளாறு, பால் டப்பா என்ற பெயர்களை முகம் மாறாமல் சொல்லக் கண்ணாடி முன்னால் பழகுங்கள். உதடு ஓரமாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தால் போச்சு, உங்களைக் கிழவன் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அனுமன்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’ 2024இல் உலகம் முழுக்க ஓடியதே, அதற்கு மட்டும் எல்லா வயதுக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. “வீடியோவுல வர்ற மரணக் கிணறு நம்மூரு பொருட்காட்சியில பாத்ததுதானே!” பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தப்பித்துவிடலாம்.

கொஞ்சம் மேல்மட்டச் சபையில் மாட்டிக்கொண்டால் “கிரைம்” என்று ஒரு சொல் வந்து விழும். ராஜேஷ்குமார் நாவல் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். இது லண்டன் கிழக்குப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், லைசென்ஸ் இல்லாத திருட்டு ரேடியோக்களில், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் முளைத்த இசை. நிமிஷத்துக்கு 140 தட்டு. டிஸ்ஸி ராஸ்கல் என்ற பையன் இருபது வயது நிரம்புவதற்குள் 2003இல் ‘பாய் இன் டா கார்னர்’ ஆல்பத்துக்கு மெர்குரி பரிசு வாங்கி, அதைப் பெரிய பத்திரிகைகளின் பக்கத்துக்குக் கொண்டுவந்தான். அந்த வேகம் எப்படியிருக்கும் என்று தெரிய லண்டன் போக வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நகரத் தொடங்கும்போது படியில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் கண்டக்டர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார். சபையில் பேச்சு வளர்ந்தால், “எம்.ஐ.ஏ. நம்ம பொண்ணுதானே” என்று வெட்டிவிடுங்கள். மாதங்கி அருள்பிரகாசம், ஈழத்திலிருந்து லண்டனுக்கு அகதியாகப் போன குடும்பம், 2005இல் அப்பாவின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து ‘அருளர்’ என்று ஆல்பம் போட்டவர். அவர் பாடுவதைக் கிரைம் கணக்கில் சேர்க்கலாமா என்று எதிராளி கேட்டால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். டீக்காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு, “இதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு” என்று சொல்லாமல் போனால் நடராஜர் மன்னித்தாலும் தெற்கு வீதிப் பெரியவர்கள் மன்னிக்க மாட்டார்கள். இதற்கு அருணகிரிநாதர் போதும். “திருப்புகழ் என்னாய்யா? ராப்புதானே!” திருப்புகழில் அடுத்த வரி நினைவிருக்க வேண்டிய அவசியமில்லை. திட்டிப் பாடுகிற பாட்டாக இருந்தால் அருணகிரியை எடுத்துவிட்டுக் காளமேகத்தைப் போடவும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், வெளியில் பயன்படுத்திவிடாதீர்கள். திருப்புகழில் சந்தம் ஒருமுறை கட்டிவிட்டால் கடைசி அடிவரை அதே அச்சுத்தான். ராப்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தாளம் ஒரே சீராக ஓட, அவன் அதன்மேல் முந்துவான், பிந்துவான், நாலு வரி நடந்துவிட்டு ஐந்தாவதில் ஓடுவான். அங்கேதான் கைவரிசை. இன்னொன்று, நம் செய்யுளுக்கு எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் உட்காரும். ராப்புக்கு ஒலி வரியின் கடைசியில் மோத வேண்டும். தமிழில் கடைசியில் வருவது வினைச்சொல். வந்தேன், நின்னேன், பாத்தேன், சொன்னேன் என்று நாள் முழுக்க அடுக்கலாம், ஓசி இயைபு. இதைத் தாண்டி ஒரு பெயரையோ இடத்தையோ வரிக்கடைசியில் நிறுத்தி மோதவிடுகிறவன்தான் எழுதத் தெரிந்தவன். தெருக்குரல் அறிவின் பாட்டுகளில் முன்னாலும் மோதும், பின்னாலும் மோதும். என் கணக்கில் இன்று தமிழில் ராப் எழுதுகிறவர்களில் அவர்தான் முதல் ஆள். ஆனால் இப்படியெல்லாம் பேசினால் உங்கள் பெஞ்சில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள் என்பதால் திருப்புகழோடு நிறுத்திக்கொள்ளவும்.

படித்தவர்களுக்கு உகந்த கருத்து, “தமிழைக் கொல்றானுங்க.” அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில், 1941இல் தமிழிசை மாநாடு நடந்த வளாகத்துக்கு எதிரே நின்று இதைச் சொல்வது கூடுதல் கம்பீரம் தரும். ‘லா’, ‘ளா’ உச்சரிப்பில் தொடங்கி இலக்கணத்தில் முடிக்கவும். இந்தக் கருத்துக்கு முன்னோடி பெரிய இடம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனாரைத் தில்லைக்கு அழைத்துவந்து கீர்த்தனையாக எழுதிய ‘நந்தன் சரித்திர’த்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளை ஏட்டைப் பார்த்தார். இலக்கணப் பிழை மலிந்து கிடந்தது. இன்று நாளை என்று இழுத்தடித்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே பகல் தூக்கத்தில் இருக்க, காத்திருந்த பாரதியார் வெளியே திண்ணையில் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்துதான் பிள்ளைக்கு மனசு இளகிப் பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். காகிதத்தில் பிழையாக இருந்தது வாயில் வந்ததும் வேறாகிவிட்டது. நமது மாணவர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது: திண்ணைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கவும்.

அந்த நந்தனார் வந்து சேர்ந்த ஊரில்தான், “பாட்டுல எதுக்குங்க சாதி?” என்ற கேள்வியும் நன்றாக விலைபோகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித் முன்நின்று ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடை ஏறிய நாள் முதல் இந்தக் கேள்விக்கு ஓய்வில்லை. கேட்கும்போது முகத்தில் வருத்தம் தெரிய வேண்டும், கோபம் கூடாது. பையனின் பாட்டில் வருகிற தெரு நம் பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்காமல் போகிறதோ அந்தத் தெருவாக இருக்கலாம், அந்தப் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டாம்.

இனி நம் மாவட்டத்தின் தனிச்சிறப்பான கலைக்கு வருவோம். பாட்டை விட்டுவிட்டுப் பெயருக்குச் சண்டை போடுவது. இதில் நமக்கு நூற்றைம்பது வருஷப் பயிற்சி இருக்கிறது. 1867இல் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் நான்கு திருமுறைகளாக அச்சேறின. தொகுத்த தொழுவூர் வேலாயுத முதலியார் நூலுக்குத் ‘திருவருட்பா’ என்றும், பாடியவருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்றும் பெயர் போட்டார். இன்றைய பாஷையில் சொன்னால், லேபிள் செய்த விளம்பரம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குப் பொறுக்கவில்லை. சிதம்பரத்தில் 1864இல் பள்ளிக்கூடம் நிறுவியவர், சைவத்தில் எது அருட்பா, எது திருமுறை என்பதில் ஓர் எழுத்துகூட விட்டுக்கொடுக்காதவர். தேவார திருவாசகத்துக்கு உரிய பெயரை உயிரோடு இருக்கிற ஒருத்தர் பாட்டுக்கு எப்படி வைக்கலாம்? ‘போலியருட்பா மறுப்பு’ என்று கிளம்பியது கண்டனம். கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்குக் கண்டனம் என்று சிறுபுத்தகங்கள் பறந்தன. 1869இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் படியேறியது. சுவாமிகள் உள்ளே வந்தபோது எதிர்க்கட்சிக்காரர் உட்படக் கோர்ட்டே எழுந்து நின்றது, வழக்கு தள்ளுபடியானது என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி நடக்கவில்லை என்பாரும் உண்டு. இருவரும் மறைந்த பிறகும் அடுத்த தலைமுறை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் அதை இழுத்துக்கொண்டு போனது. ப. சரவணன் அந்தக் கண்டனங்களைத் திரட்டித் தனி நூலாகவே போட்டிருக்கிறார். புரட்டிப் பாருங்கள், வசவில் இன்றைய டிஸ் டிராக் பையன்கள் பால்குடி மறக்காதவர்கள் என்று தெரியும்.

நாவலர் தரப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவர்கள் எதிர்த்த புத்தகத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். பெயர்ச் சண்டை என்றாலும் அது என்ன பெயர், யார் வைத்தது, ஏன் கூடாது என்று தெளிவாகக் கேட்டார்கள். ‘என்ஜாயி எஞ்சாமி’ பாட்டுக்கு நாம் சொன்ன கருத்துகளோடு ஒப்பிட்டால் அந்தக் காலத்துச் சண்டை எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது என்று படுகிறது.

2021 மார்ச் 7ஆம் தேதி அது வெளிவந்தது. பாடகி தீ, அறிவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மாஜா என்ற புது நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டறிந்த கதையிலிருந்து எழுதியதாக அறிவு சொன்னார். வீடியோவில் அந்தப் பாட்டியே அரசி மாதிரி உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் கல்யாண மண்டபம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அந்தப் பாட்டு போகாத இடமில்லை. நிலமில்லாதவர்களின் பாட்டுக்கு நூறு ஏக்கர்க்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் ஆட்டம் போட்டார்கள். ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை தன் அட்டையில் தீயையும் கனடாவின் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. ‘என்ஜாயி எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டிலும் அறிவின் எழுத்து இருந்தது, அவர் முகம் அட்டையில் இல்லை. ஏன் இல்லை என்று இரஞ்சித் கேட்டார், பிறகு பத்திரிகை அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை ஒன்று போட்டது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு என்று அவர் இன்ஸ்டாகிராமில் எழுத, இல்லை, எல்லோரும் சேர்ந்து செய்தது என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வீடியோவில் வந்து, மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் காசு வரவில்லை என்றார்.

இத்தனை நடந்தும் டீக்கடைக்கு வேண்டிய கருத்து ஒரே ஒரு வரிதான். “எல்லாரும் சேந்துதான் பண்ணாங்க, இதுல என்ன இருக்கு?” மிகவும் பத்திரமான கருத்து, யாரையும் புண்படுத்தாது. கதிர் அறுப்பும் எல்லாரும் சேர்ந்துதான் நடக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேட்காமல் இருந்தால் போதும். அறிவு 2024இல் போட்ட ஆல்பத்துக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். பெயரை அட்டையில் போட மறப்பார்களோ என்ற பயத்தில் பாட்டியைத் தலைப்பிலேயே ஏற்றிவிட்டார் போலும்.

குடி, புகை பற்றி வருகிற பாட்டுகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 2023இல் ‘லியோ’வின் ‘நா ரெடி’க்குப் புகார் போனது, படம் வருவதற்குள் சில வரிகள் தணிக்கையில் காணாமல் போயின. டாஸ்மாக் வாசலில் நின்று, “இந்தப் பாட்டாலதான் சார் பசங்க கெட்டுப்போறானுங்க” என்று சொன்னால் கூட்டம் சேரும். இடம் மட்டும் முக்கியம்.

கடைசியாக ஊர்ப்பற்று. பல பேர் குறைப்படுகிற விஷயம்: “மெட்ராஸைப் பத்திப் பாடுறான், கோயமுத்தூரைப் பத்திப் பாடுறான், நம்ம கடலூரைப் பத்தி ஒருத்தனும் பாடலையே.” மிகவும் நியாயமான ஆதங்கம். சில்வர் பீச், பிச்சாவரம், கொத்சு, முந்திரி எல்லாம் வரிசையாக வரும்படி ஒரு பாட்டு வேண்டும் என்று கோரிக்கை வைக்கலாம். கடலூர் ஓ.டி. தாண்டி பஸ் சிப்காட் பக்கம் வரும்போது மட்டும் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள். குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக மூக்கால் முகர்ந்து, எந்த நாள், எந்த நேரம், என்ன நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்த இடம் அது. அழுகின முட்டை, நெயில் பாலிஷ், வெந்த முட்டைக்கோஸ் என்று நாற்றத்துக்கு ஊருக்குள்ளேயே அடையாளப் பெயர்கள் உண்டு. அப்போது பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் கண்ணாடியை இறக்குவார்கள், யாராவது போனில் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

பக்கத்து சீட்டுப் பையன் அந்த நேரம் பார்த்து வாயைத் திறக்கலாம். “மாமா, இதைப் பத்தி யாராவது ராப் பாடினா எப்படி இருக்கும்?”

பதற வேண்டாம், முன்னுதாரணம் இருக்கிறது. கொடைக்கானலில் யூனிலீவரின் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்காக சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் 2015இல் ஒரு ராப் வீடியோ போட்டார். ‘கொடைக்கானல் வோன்ட்’ என்று பெயர். நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் யூனிலீவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். உலகம் முழுக்கப் பார்த்தார்கள், நிக்கி மினாஜே பகிர்ந்தார். பதினைந்து வருஷமாக நடந்துவந்த போராட்டம், அதன்மேல் இந்தப் பாட்டு. 2016 மார்ச்சில் கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோடு உடன்படிக்கை போட்டது.

இதையெல்லாம் பையன் போனில் தேடிப் படித்துக்காட்டி முடிக்கும்போது பஸ் புதுச்சத்திரம் வந்திருக்கும். கருத்துக்காக அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லுங்கள்:

“எல்லாஞ் சரிதான்டா மாப்ள. ஆனா ட்யூன் சொந்தம் இல்லையே.”